பிக் அப் இட்டா, பிக் இட் அப்பா? ஆங்கில வினைகளோடு ஒட்டும் சின்னச் சொற்களில் நாம் சறுக்கும் இடங்கள்

'குழந்தையைப் பார்' என்பதும் 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்பதும் ஒன்றல்ல. முதலாவது ஒரு நொடி வேலை, இரண்டாவது அரை நாள் வேலை. கூட்டத்தைத் தள்ளிப்போடும்போது யாரும் எதையும் தள்ளுவதும் இல்லை, போடுவதும் இல்லை. வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை ஒட்டித் தமிழ் செய்கிற இந்த வேலையை, அப், ஆஃப், அவுட், பேக், ஆஃப்டர் போன்ற சின்னச் சொற்களை வைத்து ஆங்கிலம் செய்கிறது. பார்த்துக்கொள் என்றால் 'லுக் ஆஃப்டர்', தள்ளிப்போடு என்றால் 'புட் ஆஃப்'. இப்படி வினையும் சின்னச் சொல்லும் சேர்ந்து வருவதைத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை, நமக்குப் பழகிய சங்கதிதான். நாம் சறுக்குவது பெரும்பாலும் பொருளில் அல்ல, அந்தச் சின்னச் சொல் வாக்கியத்தில் எங்கே உட்காரும் என்பதில்.

அடிக்கடி காதில் விழும் தவறு 'பிக் அப் இட்', 'டர்ன் ஆஃப் இட்', 'த்ரோ அவே தெம்' என்று பேசுவது. சரியானவை 'பிக் இட் அப்', 'டர்ன் இட் ஆஃப்', 'த்ரோ தெம் அவே'. இது ஏன் என்று புரிந்துகொள்ள இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 'ஹி ரான் அப் எ ஹில்' என்றால் ஒரு குன்றின் மேல் ஓடி ஏறினான். 'ஹி ரான் அப் எ பில்' என்றால் கடைக்கணக்கை ஏற்றிக்கொண்டே போனான். பார்க்க இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் முதல் வாக்கியத்தில் 'அப்' குன்றோடு சேர்ந்தது: எங்கே ஓடினான், குன்றின் மேல். அது முன்னிடைச்சொல், அதாவது ப்ரெபொசிஷன். இரண்டாவதில் 'அப்' ஓட்டத்தோடு சேர்ந்து வினையின் பொருளையே மாற்றுகிறது. அது வினையுரிச்சொல், அதாவது ஆட்வெர்ப். இப்போது குன்றையும் பில்லையும் எடுத்துவிட்டு 'இட்' போட்டால் வேறுபாடு வெளியே தெரியும். குன்று என்றால் 'ஹி ரான் அப் இட்'. பில் என்றால் 'ஹி ரான் இட் அப்'.

சின்னச் சொல் வினையுரிச்சொல்லாக இருந்தால் இட், தெம், ஹிம், மீ போன்ற பிரதிப்பெயர்கள் நடுவில்தான் வரும். முழுப் பெயர்ச்சொல்லுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. செயப்படுபொருள் நீளமாக இருந்தால் மட்டும் சின்னச் சொல்லை வினைக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். இல்லையென்றால் வாக்கியத்தின் கடைசியில் வரும் 'ஆஃப்' எதற்கு வந்தது என்பதே கேட்பவருக்கு மறந்துபோகும்.

இந்த விதியைப் படித்த உற்சாகத்தில் எதிர்ப்பக்கம் சறுக்குபவர்களும் உண்டு. 'லுக் இட் ஆஃப்டர்', 'லுக் ஹிம் அட்' என்பார்கள். இங்கே ஆஃப்டரும் அட்டும் முன்னிடைச்சொற்கள், பெயருக்கு முன்னால்தான் நிற்கும். 'லுக் ஆஃப்டர் இட்', 'லுக் அட் ஹிம்' என்பதே சரி.

சரி, எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சில சொற்களில் குழப்பமே இல்லை. அவே, பேக், ஃபார்வர்ட் வந்தால் வினையுரிச்சொல். அட், ஃபார், ஃப்ரம், வித், இன்டு வந்தால் முன்னிடைச்சொல். இரண்டு வேஷமும் போடுபவை அப், டவுன், இன், ஆன், ஆஃப், ஓவர், த்ரூ ஆகியவை. அங்கே காதை நம்பலாம். 'பிக் இட் அப்' என்று சொல்லிப் பாருங்கள், 'அப்' அழுத்தமாக விழும். 'லுக் அட் இட்' என்னும்போது அழுத்தம் 'லுக்'கில் விழ, 'அட்' மெலிந்து போகும்.

இன்னொரு சோதனை எனக்கு இன்னும் பிடிக்கும். நடுவில் '-லி'யில் முடிகிற ஒரு சொல்லைச் செருகிப் பார்ப்பது. 'லுக் கேர்ஃபுல்லி அட் த பிக்சர்' இயல்பாக இருக்கிறது. 'டர்ன் குயிக்லி ஆஃப் த லைட்' இடிக்கிறது. முன்னிடைச்சொல் வினையை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கத் தயார், வினையுரிச்சொல் அப்படி வழிவிடாது. 'குயிக்லி'யை முன்னாலோ கடைசியிலோதான் போட வேண்டும். ரைட், ஸ்ட்ரெய்ட் போன்ற சில சொற்களுக்கு மட்டும் சலுகை உண்டு: 'கம் ரைட் இன்', 'கோ ஸ்ட்ரெய்ட் பேக்'. நடுவில் செருகும் பழக்கம் வேறு வினைகளிலும் தலைகாட்டும். 'ஐ லைக் வெரி மச் திஸ் சாங்' தவறு, 'வெரி மச்' கடைசிக்குப் போக வேண்டும்.

'ஆஃப் த ஃபேன்', 'ஆன் த லைட்' என்பவை நேரடியாகத் தமிழிலிருந்து வந்தவை. நாம் 'ஆஃப் பண்ணு' என்கிறோம். அதில் வினையாக வேலை செய்வது 'பண்ணு'. அதைக் கழற்றிவிட்டு ஆஃபை மட்டும் ஆங்கில வாக்கியத்தில் வைத்தால் வினையே இல்லாமல் போய்விடுகிறது. டர்ன் அல்லது ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். 'ஓப்பன் த லைட்', 'குளோஸ் த டிவி' என்பதும் வேண்டாம். ஓப்பனும் குளோஸும் கதவு, ஜன்னல், கண் போன்றவற்றுக்கு.

அடுத்தது இரட்டிப்பு. 'ரிட்டர்ன் பேக்' என்பதில் ரிட்டர்னுக்குள்ளேயே திரும்புதல் இருக்கிறது. 'கோ பேக்', 'கம் பேக்', 'கிவ் பேக்' சரியாக இருப்பதற்குக் காரணம், கோவுக்கும் கம்முக்கும் கிவ்வுக்கும் தனியாக அந்தப் பொருள் இல்லை. 'ரிப்பீட் அகெய்ன்' என்பதும் அப்படித்தான். ஏற்கெனவே ஒருமுறை திரும்பச் சொல்லி, அதையும் மறுபடி சொல்லச் சொன்னால் மட்டும் பொருந்தும். வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதங்களில் தவறாமல் வரும் 'கோப் அப் வித் ப்ரெஷர்' வேறு ரகம். கீப் அப் வித், கேட்ச் அப் வித், புட் அப் வித் என்று கேட்டுக் கேட்டு, சமாளிப்பதைக் குறிக்கும் 'கோப்' என்ற வினைக்கும் ஒரு 'அப்' முளைத்துவிட்டது. 'கோப் வித்' போதும்.

'டிஸ்கஸ் அபவுட்' கதையும் இதே. டாக்குக்கு அபவுட் வேண்டும், டிஸ்கஷன் என்ற பெயர்ச்சொல்லுக்கும் வரலாம், டிஸ்கஸ் என்ற வினைக்கு வேண்டாம். அறைக்குள் நுழைவதற்கு 'என்டர் த ரூம்' போதும், ஒப்பந்தம் செய்துகொள்வதற்கு மட்டும் 'என்டர் இன்டு'.

வீட்டுக்குப் போகிறேன் என்பதை 'ஐ அம் கோயிங் டு ஹோம்' என்று சொல்ல வைப்பது நம் நான்காம் வேற்றுமை. 'கு' இருக்கிறதே, 'டு' போட்டுவிடுவோம் என்று கை போகிறது. ஆனால் அந்த இடத்தில் ஹோம் ஒரு வினையுரிச்சொல். ஹியர், தேர், அப்ராட், அப்ஸ்டேர்ஸ் எல்லாம் அதே கூட்டம்தான். நாமும் 'இங்கே வா', 'மேலே போ' என்றுதானே சொல்கிறோம், அங்கே 'கு' வருவதில்லை. இவற்றுக்கு 'டு' கிடையாது. 'ஃப்ரம்' மட்டும் வரலாம்: 'ஃப்ரம் ஹியர்', 'ஃப்ரம் அப்ராட்'. ஹவுஸ் இங்கே பெயர்ச்சொல் என்பதால் 'கோ டு மை ஹவுஸ்' சரி. ஹோமுக்கு முன்னால் மை, ஹெர் என்று ஏதாவது வந்தால் அதுவும் பெயர்ச்சொல்லாகிவிடும், அப்போது டு வேண்டும்.

மூன்று சொல் சேர்க்கைகளில் வரிசை மாறாது: வினை, வினையுரிச்சொல், முன்னிடைச்சொல். 'புட் அப் வித் ஹிம்' என்றால் அவனைப் பொறுத்துக்கொள். ஹிம் நடுவில் நுழையாது, கடைசியில் முன்னிடைச்சொல் நிற்கிறதே. இதே காரணத்தால்தான் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' தவறாகிறது. அந்த 'டு' முன்னிடைச்சொல், அதன் பின்னால் வினை வந்தால் '-இங்' சேர வேண்டும்: 'டு மீட்டிங் யூ'. சந்தேகம் வந்தால் அங்கே ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு த ட்ரிப்' பொருந்துகிறது, ஆகவே '-இங்'. 'ஐ அம் யூஸ்ட் டு வாக்கிங்' என்றால் நடந்து பழக்கம். 'ஐ யூஸ்ட் டு வாக்' என்றால் முன்பு நடப்பேன், இப்போது இல்லை. 'அம்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டு '-இங்' போடுங்கள்.

எழுதும்போது மட்டும் வரும் தவறு ஒன்று உண்டு. லாக் இன், பேக் அப், செட் அப் ஆகியவை வினையாக வரும்போது இரண்டு சொற்கள், பெயராக வரும்போது ஒரே சொல். எது என்று தெரியாவிட்டால் இறந்தகாலத்தில் சொல்லிப் பாருங்கள். 'ஐ லாக்ட் இன்' என்கிறோம், 'ஐ லாகின்ட்' என்பதில்லை. ஆக, வினைக்கு இடைவெளி வேண்டும். எவ்ரி டே என்பதும் இந்த ரகம்தான். தினமும் என்ற பொருளில் இரண்டு சொல், அன்றாட என்ற பொருளில் பெயருக்கு முன்னால் வந்தால் ஒரே சொல்.