ஆன்லைன்ல யோகா கிளாஸ் ஆரம்பிக்கிறது எப்படி? வலங்கைமான் பக்கத்துலேர்ந்து ஒரு டீச்சர் எழுதுறேன்

போன மாசத்துல மட்டும் மூணு பேர் இதையே கேட்டுட்டாங்க, "அக்கா, யோகா கோர்ஸ் முடிச்சுட்டேன், வெளிய போய் எடுக்க வீட்டுல விட மாட்டேங்குறாங்க, ஆன்லைன்ல எடுக்கலாமா, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?"னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்புறத விட ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு தோணுச்சு. நான் கிராமத்து வீட்டு கூடத்துலேர்ந்துதான் கிளாஸ் எடுக்கிறேன், அதனால நம்ம ஊரு நெலமைக்கு எது ஒத்து வருதோ அத மட்டும் சொல்றேன்.

படி 1: மொதல்ல படிப்பு

நம்ம நாட்டுல யோகா சொல்லித்தர லைசென்ஸ் கட்டாயம்னு சட்டம் எதுவும் இல்ல. அதுக்காக யூடியூப் பாத்து கத்துக்கிட்டு அடுத்தவங்க முதுகோட வெளையாடக்கூடாது. ஆயுஷ் அமைச்சகத்துக்கு கீழ யோகா சர்டிஃபிகேஷன் போர்டுன்னு ஒண்ணு இருக்கு, அவங்க எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வெச்சு சான்றிதழ் குடுக்குறாங்க. ஆரம்பத்துல இருக்குறவங்களுக்கு யோகா ப்ரோட்டோகால் இன்ஸ்ட்ரக்டர், அதுக்கு மேல யோகா வெல்னஸ் இன்ஸ்ட்ரக்டர்னு படிப்படியா போகும். வெளிநாட்டுக்காரங்களுக்கு எடுக்கணும்னா யோகா அலையன்ஸோட 200 மணி நேர கோர்ஸ கேப்பாங்க, அது அமெரிக்க அமைப்பு. நம்ம ஊரு ஜனங்களுக்கு மட்டும்னா அது இல்லாமலே ஆரம்பிக்கலாம்.

சான்றிதழ் இருந்தாலும் நேர்ல ஒரு பத்து பேருக்காவது கொஞ்ச நாள் எடுத்துட்டு அப்புறம் ஆன்லைனுக்கு வாங்க. தெருவுல இருக்குற சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு பாட்டி யாரா இருந்தாலும் சரி. வேற வேற வயசு உடம்பு எப்படி மடங்குது, எங்க பிடிக்குதுன்னு கையால தொட்டு பாத்து பழகினாதான், திரையில பாக்குறப்போ உங்களுக்கு ஒண்ணாவது புரியும்.

படி 2: யாருக்கு எடுக்கப் போறீங்க

"எல்லாருக்கும்"னு போஸ்டர் போட்டா யாரும் வர மாட்டாங்க, இது நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டது. இடுப்பு வலியோட இருக்குற நாப்பது தாண்டின பொம்பளைங்க, நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கழுத்து பிடிச்சுப் போன பசங்க, இப்படி ஒரே ஒரு கூட்டத்த எடுத்துக்கோங்க. டெல்டால இன்னொரு வசதியும் இருக்கு, நம்ம பக்கத்துல சிங்கப்பூர்லயோ துபாய்லயோ ஒரு சொந்தக்காரங்க இல்லாத வீடு கம்மி. அங்க இருக்குற நம்ம பொண்ணுங்களுக்கு தமிழ்ல பேசி சொல்லித்தர டீச்சர் கெடைச்சா அவ்ளோ சந்தோஷப்படுறாங்க. என்கிட்ட மொதல்ல காசு கட்டி சேந்தவங்க மன்னார்குடிலேர்ந்து சிங்கப்பூர் போன ஒரு அக்காதான், அவங்க மூலமா அங்கேயே அஞ்சு பேர் வந்தாங்க.

கர்ப்பிணிகளுக்கு, முதுகுல ஆபரேஷன் ஆனவங்களுக்கு எடுக்கணும்னா அதுக்குன்னு தனியா படிச்சுட்டு எடுங்க. ஆரம்பத்துல வேண்டாம்.

படி 3: நேரம்

இதுல நெறைய பேர் கோட்டை விடுறாங்க. காலைல 6:30னு போட்டா வாசல் தெளிச்சு கோலம் போட்டு, பால் காய்ச்சி, பிள்ளைங்கள பள்ளிக்கூடத்துக்கு கெளப்புற நேரம், ஒருத்தரும் வர மாட்டாங்க. எனக்கு நின்னது 5:30 ஒண்ணு, 10:30 ஒண்ணு. காலைல 5:30னா சிங்கப்பூர்ல 8 மணி. அமெரிக்கா கிழக்கு பக்கம் இருக்குறவங்களுக்கு வெயில் காலத்துல முதல் நாள் ராத்திரி 8 மணி, நவம்பர்ல அவங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளிடுவாங்க, அப்ப நம்ம 5:30 அவங்களுக்கு 7 மணி ஆயிடும், மார்ச்ல மறுபடி மாறும். இத முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி, அதனால அவங்களுக்கு நம்ம ராத்திரி 7:30 சரியா இருக்கும், அங்க அப்ப சாயந்தரம் 6 மணி.

10:30 கிளாஸ்ல டிபன் விஷயம் இருக்கு. சாப்பிட்டு மூணு மணி நேரமாவது ஆயிருக்கணும், அதனால அந்த பேட்ச்காரங்கள 7 மணிக்கே டிபன முடிச்சுடுங்கன்னு நான் சொல்லிடுவேன்.

படி 4: ஃபோன், வெளிச்சம், சத்தம்

பெருசா செலவே வேண்டாம். நான் ஆரம்பிச்சப்போ ஸ்டாண்டு கூட கெடையாது, நெல்லு அளக்குற மரக்கால கவுத்து ஸ்டூல் மேல வெச்சு அதுல ஃபோன சாத்தி வெச்சுதான் மூணு மாசம் ஓட்டினேன். ஒசரம்தான் முக்கியம், ஃபோன் உங்க இடுப்பு ஒசரத்துல இருக்கணும், படுக்கவாட்டுல இருக்கணும். கீழ வெச்சா கால் பெருசா தலை சின்னதா தெரியும், மேல வெச்சா படுத்து செய்யுறது எதுவும் தெரியாது. நின்னு கைய தூக்கி பாருங்க, அப்புறம் படுத்து கால நீட்டி பாருங்க, ரெண்டும் திரைக்குள்ள அடங்குதான்னு பாத்துட்டு ஃபோன் இருக்க வேண்டிய எடத்த சாக்பீஸால தரையில கோடு போட்டு வெச்சுக்கோங்க, தெனமும் தேட வேண்டாம்.

ஜன்னல் உங்களுக்கு முன்னாடி இருக்கணும். பின்னாடி இருந்தா நீங்க வெறும் நிழலாதான் தெரிவீங்க. சிவப்பு தரைக்கு கருப்பு பேண்ட் போட்டா கால் எங்க இருக்குன்னே தெரியாது, வெளிர் கலரா போடுங்க. காச செலவு பண்றதுன்னா ஒரே ஒரு காலர் மைக் வாங்குங்க. படம் கொஞ்சம் மங்கலா இருந்தா கூட பொறுத்துக்குவாங்க, நீங்க சொல்றது கேக்கலன்னா அடுத்த மாசம் வர மாட்டாங்க.

ஜூம்ல இலவசமா 40 நிமிஷம்தான், அப்புறம் கட் ஆயிடும். கூகுள் மீட்ல மூணு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா 60 நிமிஷம். நான் மீட்லதான் ஆரம்பிச்சேன், 55 நிமிஷத்துல முடிச்சுடுவேன்: பேச்சு அஞ்சு நிமிஷம், உடம்ப தளர்த்துறது பத்து, ஆசனம் இருவத்தஞ்சு, மூச்சுப் பயிற்சி பத்து, சவாசனம், அதாவது மல்லாந்து படுத்து ஓய்வெடுக்குறது, அஞ்சு. சவாசனத்த மட்டும் நேரமில்லன்னு வெட்டிடாதீங்க.

கரண்டு விஷயம் தெரிஞ்சதுதான். மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு நிறுத்தினா சாயந்தரம்தான் வரும், 10:30 கிளாஸ் போச்சு. ஐப்பசி கார்த்திகை மழையில சொல்லவே வேண்டாம். ரூட்டருக்கு ஒரு சின்ன பேட்டரி பேக்கப் வாங்கிடுங்க, இன்னொரு கம்பெனி சிம்முல டேட்டா எப்பவும் வெச்சுக்கோங்க. ஒரு மணி நேர வீடியோ கிளாசுக்கு சுமாரா ஒரு ஜிபி ஆகும்னு சேர்றவங்ககிட்டயும் சொல்லிடுங்க, தினம் ஒன்றரை ஜிபி பேக் போட்டவங்க அத கிளாசுக்குன்னு மிச்சம் வெச்சுக்குவாங்க.

படி 5: சேர்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது

இத தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க. ஆரம்பத்துல நான் எதுவும் கேக்காமதான் சேத்தேன். ஒரு நாள் குனிஞ்சு செய்யுற ஆசனம் முடிச்சு எல்லாரையும் "எழுந்திரிங்க"ன்னு சொன்னேன், திரையில ஒரு அம்மாவோட கட்டத்துல வெறும் செவுருதான் தெரியுது, ஆள காணோம். கூப்பிடுறேன், பதில் இல்ல. அவங்க வீட்டு நம்பர் எதுவும் என்கிட்ட இல்ல, கிளாஸ் ஃபோனுக்கே அடிச்சுக்கிட்டு இருக்கேன், அது அங்க மேசை மேல வீடியோவ காட்டிக்கிட்டு நிக்கிது. அஞ்சு நிமிஷம் கழிச்சு எழுந்து வந்தாங்க, தலை சுத்தி கட்டில்ல சாஞ்சுட்டாங்களாம், ரொம்ப நாளா பிபி மாத்திரை சாப்பிடுறாங்களாம். அந்த அஞ்சு நிமிஷம் என் கை நடுங்கினது இன்னும் ஞாபகம் இருக்கு.

அன்னிலேர்ந்து கூகுள் ஃபார்ம நிரப்பி அனுப்பினாதான் சேத்துக்குறேன். வயசு, பிபி, சுகர், தைராய்டு, குடல் இறக்கம், டிஸ்க் பிரச்சன, கண்ணுல பிரஷர், போன ஒரு வருஷத்துல ஆபரேஷன், கர்ப்பம், இப்ப சாப்பிடுற மாத்திரை, கூடவே வீட்டுல இருக்குற இன்னொருத்தர் நம்பர். பிபி இருக்குறவங்களுக்கும் கண் பிரஷர் இருக்குறவங்களுக்கும் தலை கீழ போற ஆசனம் கெடையாது, வேகமா மூச்ச வெளிய தள்ளுற கபாலபாதியும் அவங்களுக்கு வேண்டாம். டிஸ்க் பிரச்சன இருந்தா முன்னாடி குனியிறது கெடையாது. படுத்து எழுந்திரிக்கிறப்போ எல்லாரும் வலது பக்கம் ஒருக்களிச்சு, கைய ஊணி, மெதுவா. கேமரா ஆஃப்ல இருந்தா என் கிளாஸ்ல அனுமதி இல்ல.

சந்தேகமா இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரச் சொல்லுங்க. சுகர் குணமாகும், தைராய்டு மாத்திரைய நிறுத்திடலாம்னு எங்கயும் எழுதாதீங்க, பேசாதீங்க.

படி 6: சொல்லித்தர்ற விதம்

நேர்ல எடுக்குறப்போ தோள தொட்டு சரி பண்ணிடலாம். ஆன்லைன்ல உங்களுக்கு இருக்குறது வாயும் கண்ணும்தான். அதனால ஒரு தடவ செஞ்சு காட்டிட்டு பாயிலேர்ந்து எழுந்து ஃபோன்கிட்ட வந்துடுங்க. அவங்க செய்யட்டும், நீங்க பாருங்க. கூடவே செஞ்சுக்கிட்டு இருந்தா உங்களுக்கு நல்ல உடற்பயிற்சி ஆகும், அவங்க தப்பு எதுவும் உங்க கண்ணுல படாது. பேச்சு அங்க போய் சேர கொஞ்சம் தாமதமாகும், அதனால அவங்களோட சேந்து எண்ணாதீங்க, நீங்க எண்ணி முடிங்க, அவங்க பின்னாடியே வருவாங்க.

ஃபோன்ல நாலஞ்சு கட்டம்தான் பாக்குற அளவுக்கு தெரியும். லேப்டாப் இருந்தா ஃபோன கேமராவுக்கு வெச்சுட்டு லேப்டாப்ல அவங்கள பாருங்க, ஆனா லேப்டாப்ல மைக்கு ஸ்பீக்கர் ரெண்டுல ஒண்ணு திறந்திருந்தாலும் கூவும், சத்தம் மொத்தமும் ஃபோன் வழியாவே போகட்டும். ஒரு பேட்ச்ல எட்டு பேருக்கு மேல நான் சேக்குறதில்ல. நீங்க கேமராவ பாத்து நிக்கிறப்போ "வலது கை"ன்னு சொல்லிட்டு உங்க இடது கைய தூக்குங்க, அவங்களுக்கு கண்ணாடி மாதிரி தெரியும், கொழப்பமே வராது. ரெண்டு நாள் பழகினா கை தானா வரும்.

அப்புறம் வார்த்தை. கோர்ஸ்ல படிச்சத அப்படியே ஒப்பிச்சா யாருக்கும் புரியாது. "இடுப்பு மூட்டிலிருந்து முன்வளையவும்"னு நான் ஒரு வாரம் சொல்லிப் பாத்தேன், எல்லாரும் முதுகத்தான் வளைச்சாங்க. அப்புறம் ஒரு நாள், "நாத்து நடுறப்போ முதுக வளைச்சு குனிவோம்ல, அப்படி வேண்டாம், முதுகு பலகை மாதிரி நேரா இருக்கட்டும், தொடையும் வயிறும் சேர்ற எடத்துல மட்டும் மடங்குங்க"ன்னு சொன்னேன். எட்டு கட்டத்துலயும் முதுகு ஒண்ணா நிமிந்துச்சு! எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. மாலாசனத்துக்கு "கோலம் போட குந்துற மாதிரி குந்துங்க, ஆனா குதிகால் தரையில ஒட்டட்டும்". உஜ்ஜாயி மூச்சுப் பயிற்சிக்கு "கண்ணாடிய தொடைக்கிறதுக்கு முன்னாடி ஹாஹ்னு ஊதுவோம்ல, அத வாய மூடிக்கிட்டு". உங்க ஆளுங்க தெனமும் உடம்பால என்ன வேல செய்யுறாங்கன்னு பாருங்க, வார்த்தை அங்கேர்ந்துதான் கெடைக்கும். ஆசனத்து பேர கடைசியா சொன்னா போதும்.

மேட் இல்லன்னு தயங்குவாங்க. நின்னு செய்யுறதுக்கு வெறும் தரை போதும், கோரப்பாய் மேல நின்னா வழுக்கும், அதனால பாயும் ஜமக்காளமும் உக்காந்து படுத்து செய்யுறதுக்கு மட்டும்.

படி 7: காசு

ஒரு வாரம் இலவசமா எடுங்க, அதுக்கு மேல இலவசம் வேண்டாம், சும்மா வர்றவங்க நிக்கவே மாட்டாங்க. நான் மாசக் கணக்க விட்டுட்டு கிளாஸ் கணக்குக்கு மாறிட்டேன், 12 கிளாசுக்கு 900 ரூபா, முன்பணம். கரண்டு போய் நின்னா அந்த கிளாஸ் கணக்குல வராது. தை அறுவடை, ஆடிப்பெருக்கு, தீபாவளின்னு அவங்க ஒரு வாரம் வரலன்னாலும் நஷ்டமில்லாம இருக்க, 12 கிளாஸ ஒன்றரை மாசத்துக்குள்ள முடிச்சுக்கலாம்னு வெச்சிருக்கேன். சொந்தக்காரங்ககிட்ட காசு கேக்க கூச்சமாத்தான் இருக்கும். க்யூஆர் கோட குரூப்ல போட்டு "காசு கட்டினவங்களுக்கு லிங்க் வரும்"னு எல்லாருக்கும் பொதுவா சொல்லிடுங்க. வெளிநாட்டுல இருக்குறவங்க பெரும்பாலும் இங்க இருக்குற அம்மா அப்பாவ விட்டு யூபிஐல போட்டுடுவாங்க.

உத்யம்னு சிறு தொழிலுக்கான அரசாங்க பதிவு இருக்கு, அத ஆதார் வெச்சு ஆன்லைன்ல பண்ணிடலாம், அரசாங்க தளத்துல கட்டணமே கெடையாது, ஏஜென்ட் யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க. சேவைக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினாதான் பொதுவா ஜிஎஸ்டி பதிவு வரும். ஆனா வெளிநாட்டுலேர்ந்து நேரா காசு வர ஆரம்பிச்சா ஒரு ஆடிட்டர ஒரு தடவ பாத்துடுங்க. வரவு செலவ மொதல் நாள்லேர்ந்தே ஒரு நோட்டுல எழுதுங்க, தனி பேங்க் அக்கவுண்ட் இருந்தா இன்னும் நல்லது.

படி 8: ஆள் சேக்குறது

வாட்ஸ்அப் பிசினஸ் போதும். பிராட்காஸ்ட்ல அனுப்புறது உங்க நம்பர சேவ் பண்ணவங்களுக்கு மட்டும்தான் போகும், அதனால மொதல்ல சேவ் பண்ண சொல்லுங்க. வாரத்துக்கு ஒரு சின்ன வீடியோ, ஒரு நிமிஷம், ஒரே ஒரு வலிக்கு ஒரே ஒரு அசைவு, ஸ்டேட்டஸ்ல போடுங்க. மாணவிங்க மொகம் தெரியுற எதையும் அவங்கள கேக்காம போடக்கூடாது, அது நைட்டியோட வீட்டுல இருக்குற நேரம், அவங்க நம்பி கேமராவ திறக்குறாங்க. ஜூன் 21 யோகா தினம் வர்ற மாசத்துல பள்ளிக்கூடம், பேங்க் எல்லாம் டீச்சர தேடுவாங்க, மே மாசமே போய் பேசி வெச்சுடுங்க. அங்க ஒரு நாள் எடுத்துட்டு வர்றப்போ உங்க நம்பர் எழுதின சீட்டு குடுத்துட்டு வாங்க, எனக்கு அப்படி வந்த ஒரு ஸ்கூல் டீச்சர் இன்னிக்கும் 5:30 பேட்ச்ல மொதல் ஆளா வந்து உக்காருறாங்க.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு ஒத்திகை வெச்சுடுங்க, தெரிஞ்சவங்க மூணு பேர், 20 நிமிஷம். ஒருத்தர் கிராமத்துல இருக்கட்டும், ஒருத்தர் டவுன்ல, ஒருத்தர் வெளிநாட்டுல. முடிஞ்சதும் "நல்லா இருந்துச்சா"ன்னு கேக்காதீங்க, "எந்த எடத்துல நான் சொன்னது புரியல?"ன்னு மூணு பேர்கிட்டயும் தனித்தனியா கேட்டு எழுதிக்கோங்க.