டர்பன் கடற்காற்றில் காரின் அடித்தளம்: கறுப்புப் பூச்சுக்கு முன் கவனிக்க

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிளஃப், உம்ஷ்லாங்கா போன்ற கடலோரப் பகுதிகளில் காரை வெளியில் நிறுத்துபவர்கள் மேலே மட்டும் கழுவினால் போதாது. உப்பு தங்குவது அடியில்தான். மாதம் ஒருமுறை சக்கர வளைவுகளிலும் கதவுக்குக் கீழுள்ள சில் பகுதியிலும் நல்ல தண்ணீரைப் பீய்ச்சுங்கள். சில்லின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளைப் பிளாஸ்டிக் குச்சியால் குத்திவிடுங்கள். அவை அடைத்தால் உள்ளிருந்தே அரிக்கும்; வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும்போது தகடு பாதி போயிருக்கும்.

துரு மேலேயே தார்ப்பூச்சு அடிப்பதுதான் பெரிய தவறு. ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், பார்க்க மட்டும் புதுசாக இருக்கும்.

பூச்சு வேலைக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான வறண்ட மாதங்களே தோது. ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். உதிரும் துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பளபளவென்ற தகடு வந்தால் ஜிங்க் பிரைமர் (துத்தநாக அடிப்பூச்சு). குழிகளில் துரு மிச்சமிருந்தால் ரஸ்ட் கன்வர்ட்டர் (துருவைக் கெட்டியான படலமாக மாற்றும் திரவம்), அதன்மேல் எப்பாக்ஸி பிரைமர். வெறும் இரும்பைத் தொடாத ஜிங்க்கால் பயனில்லை. பிறகு அண்டர்கோட்டை, அதாவது அடித்தளக் கறுப்புப் பூச்சை, மெல்லியதாக 2 முறை. சைலன்சர், பிரேக், ரப்பர் புஷ், வடிகால் துளைகளைப் பூச்சு படாதபடி முதலிலேயே டேப்பால் மூடி, வேலை முடிந்ததும் திறந்துவிடுங்கள். சில்லின் உட்புறத்துக்கு மெழுகு ஸ்பிரே.

ஸ்குரூடிரைவரால் அழுத்தி ஓட்டை விழுந்தால் பட்டி பூசாதீர்கள். அரித்ததை வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் செய்யவேண்டும், பேட்டரியைக் கழற்றிவிட்டு.