கண்ணைத் திறந்தால் காணாமல் போகும் ஐ ஷேடோ

சித்தி பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு நான்தான் மேக்கப். கண்ணை மூடச் சொல்லி, இமை மேல் மூன்று நிறத்தை வைத்து அரை மணி நேரம் மெனக்கெட்டேன். அவள் கண்ணைத் திறந்தாள், ஒன்றையும் காணோம். இமை மடிப்பு மொத்தத்தையும் விழுங்கிவிட்டது. "அக்கா, இன்னும் ஐ ஷேடோ போடலையா?" என்று கேட்டாள் பாவம்.

அதனால் முதலில் கண்ணாடியைக் கண் மட்டத்துக்கு வைத்து, கண்ணைத் திறந்து நேராகப் பாருங்கள். மடிப்பு எங்கே விழுகிறதோ, அதற்கு ஒரு நூல் மேலே பிரஷ் நுனியால் லேசாக ஒரு புள்ளி வையுங்கள். பழுப்பு நிறம் அந்த உயரம் வரை ஏற வேண்டும். ஒவ்வொரு முறை பூசிய பிறகும் கண்ணைத் திறந்து பாருங்கள்.

ஃபவுண்டேஷனுக்கு முன்பே கண்ணை முடித்துவிடுவது நல்லது. தூள் கன்னத்தில் உதிர்ந்தால் துடைத்துக்கொள்ளலாம். நம் ஊர் வெயிலில் இமையில் எண்ணெய் வழியும். நிறத்தைப் பிடித்துவைக்கும் பிரைமர் இல்லாவிட்டால் கவலை வேண்டாம், கருவளையத்தை மறைக்கப் பூசும் கன்சீலரை அரிசி அளவு எடுத்துத் தட்டித் தட்டிப் பரப்பி, மேலே கொஞ்சம் காம்பாக்ட் ஒற்றுங்கள். அந்தப் பவுடரை விட்டால் ஐ ஷேடோ ஈரத்தில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும்.

பதினெட்டு நிறப் பேலட் வாங்கி அதில் பதினைந்தைத் தொடாமல் வைத்திருப்பவர்களில் நானும் ஒருத்தி. மூன்று நிறம் போதும்: உங்கள் தோலைவிட ஒரு படி அடர்ந்த மேட் (மினுமினுப்பு இல்லாத) பழுப்பு, காபிக்கொட்டை நிறம், செம்பு அல்லது பழந்தங்கத்தில் ஒரு ஷிம்மர். வெளிர் மேட் நிறங்களில் டால்க், டைட்டானியம் டை ஆக்ஸைடு போன்ற வெள்ளைத் தூள் அதிகம் இருக்கும். மாநிறத் தோலில் அது திருநீறு பூசினாற்போல் சாம்பல் பூத்துத் தெரியும்.

இனி பிரஷ். பஞ்சு போல் விரிந்த ஒன்று, தட்டையான ஒன்று. விரிந்த பிரஷைப் பேனா மாதிரி அடியில் பிடிக்காமல், வால் நுனியில் பிடியுங்கள். அழுத்தம் தானாகக் குறையும். பழுப்பைத் தொட்டதும் தட்டி உதறுங்கள். பிரஷ் முதலில் படுகிற இடத்தில்தான் நிறம் அதிகம் இறங்கும் என்பதால் கண்ணின் வெளி ஓரத்தில் தொடங்கி, பஸ் கண்ணாடி வைப்பர் மாதிரி உள்ளே, வெளியே என்று மடிப்பின் மேல் ஓட்டுங்கள். ஓரத்தில் கோடு தெரிகிறதா? அங்கேதான் எல்லோரும் இன்னும் கொஞ்சம் நிறம் சேர்த்துக் கெடுக்கிறோம். நிறம் தொடாத சுத்தமான பிரஷால் அந்தக் கோட்டை மட்டும் தேயுங்கள். ஒரு நிமிடம் ஆகும். பொறுமை வேண்டும், எனக்கே சில நாள் இருப்பதில்லை.

காபி நிறம் வெளி மூலையில் மிளகளவுதான். ஷிம்மருக்குப் பிரஷை விட மோதிர விரல் நல்லது. இமை நடுவில் வைத்து ஒற்றுங்கள், தேய்த்தால் மினுமினுப்பு உதிர்ந்துவிடும். கைவினைக் கடையில் விற்கும் கிளிட்டரை மட்டும் கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள், கருவிழியைக் கீறிவிடும்.

கண்மை கீழே இறங்கி ஈஷுகிறதென்றால், மிச்சமிருக்கும் பழுப்புத் தூளைக் கீழ் இமை முடியோரம் மெல்லிய பிரஷால் ஒற்றிவிடுங்கள். லென்ஸ் போடுபவர்கள் மேக்கப்புக்கு முன்பே போட்டு, கலைப்பதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

பேலட்டின் பின்புறம் திறந்த டப்பா படத்தில் 12 அல்லது 24 என்று இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம்தான். பிரஷை பேபி ஷாம்பூவில் அலசிப் படுக்கப் போட்டுக் காயவையுங்கள். மெட்ராஸ் ஐ பரவும் நாட்களில் யார் கேட்டாலும், சொந்தத் தங்கச்சியே கேட்டாலும், பிரஷைக் கொடுக்காதீர்கள்.