புளியங்கொட்டையும் ஆத்திசூடியும்: வீட்டிலேயே ஒரு திண்ணைப் பள்ளி

மூன்று வருடமாக என் இரண்டு பிள்ளைகளுக்கும் நான்தான் வாத்தியார். பழைய திண்ணைப் பள்ளி முறையில் வீட்டில் நடத்திப் பார்த்துப் பலன் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

பாடம் முதலில் வாயில் ஏறட்டும், அர்த்தம் அப்புறம். ஆத்திசூடியின் முதல் 13 வரிகள் அ முதல் ஃ வரை வரிசையாக வரும். தினம் ஒரு வரி போதும். பழைய வரிகளை ஒரு சுற்று சொல்லிவிட்டுத்தான் புது வரி. ஒரு வாரம் போனதும் மூத்தவள் முன்னால் சொல்ல, தம்பி திருப்பிச் சொல்லட்டும். வாத்தியாருக்குப் பதிலாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற சட்டாம்பிள்ளை வேலை பார்க்கிற பிள்ளைக்குப் பாடம் மறப்பதே இல்லை.

ஆரம்பத்தில் நான் வரிக்கு வரி பத்து நிமிடம் விளக்கினேன். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். விளக்கத்தை விட்டேன். 'அஃகஞ் சுருக்கேல்' பல மாதம் அவளுக்கு வெறும் ஓசைதான். தானியத்தை அளவு குறைத்து விற்காதே என்று ஒருநாள் போகிறபோக்கில் சொல்லிவைத்தேன். அந்த வாரம் சந்தையில் ஒரு பாட்டி கத்தரிக்காயை நிறுத்துப் போட்டு, கொசுறாக இன்னும் இரண்டு வைத்தார். "அம்மா, இவங்க அஃகம் சுருக்கலை" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எழுத்துக்குத் தாம்பாளத்தில் சலித்த மணல். தப்பானால் ஒரு குலுக்கு, சரியாகிவிடும், கை பயப்படாது.

கணக்குக்கு 320 புளியங்கொட்டை எண்ணி வையுங்கள். மொத்தக் குவியல்தான் ஒன்று. பழைய தமிழ்ப் பின்னப் பெயர்களில் சொன்னால், அதில் ஒரு கொட்டை முந்திரி, நான்கு சேர்ந்தால் காணி, பதினாறு மா, இருபது மாகாணி, நாற்பது அரைக்கால், எண்பது கால், நூற்றறுபது அரை. ஏன் 320 என்று பிள்ளையையே கேளுங்கள். பதினாறு பங்காகவும் இருபது பங்காகவும் மிச்சமில்லாமல் பிரிகிற எண் அது. என் மகள் தரையில் உட்கார்ந்து இரண்டு மாவைக் கூட்டியபோது 32 கொட்டை வந்தது. குவியலைப் பத்துப் பங்காக்கிப் பார்த்து, "ஒவ்வொரு பங்கும் இவ்வளவுதாம்மா" என்றாள். பின்னத்துக்கு நோட்டை அதற்கப்புறம்தான் திறந்தோம்.

பரீட்சைக்கு என்ன வழி என்று உறவினர்கள் கேட்பார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம், 14 வயது நிறைந்திருக்க வேண்டும். அதுவரை அவசரம் வேண்டாம்.

திண்ணைப் பள்ளியில் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ அல்லது பறவையின் பெயர் சொல்லி அனுப்புவார்கள். காலையில் மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். நாங்கள் படுக்கப்போகும்போது செய்கிறோம். நேற்று மகனுக்கு மரங்கொத்தி. விடியற்காலையில் பல் தேய்க்காமலே வந்து என் காதில் சொல்லிவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டான்.