இராமேசுவரம் வருகிறவர்கள் முதலில் காற்றைக் கேளுங்கள்

எங்கள் வீடு பாம்பனில் இருக்கிறது. மதுரை உறவினர்கள் போன் செய்து "எப்போது வரலாம்?" என்று கேட்டால் முதலில் காற்றைப் பற்றித்தான் பேசுவேன். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. தென்கடலை ஆண் கடல் என்றும் வடகடலைப் பெண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள். வைகாசி முதல் புரட்டாசி வரை கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று வீசும். அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று எழுந்தால் நிலைமை தலைகீழ். தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை இரண்டு பக்கமும் ஓரளவு அமைதி. முடிந்தால் அப்போது வாருங்கள். தனுஷ்கோடிச் சேற்று நீரில் பூநாரைகளும் நிற்கும்.

காலையில் தீர்த்தமாடி, மாலையில் தனுஷ்கோடியின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனையில் படம் எடுத்து, இரவே திரும்பிவிடாதீர்கள். இரண்டு முழு நாட்கள் வேண்டும்.

முதல் நாள் விடியற்காலையில் தனுஷ்கோடி. இராமேசுவரம் பஸ் நிலையத்திலிருந்து அரசுப் பஸ் உண்டு. குடிநீரும் தொப்பியும் கையோடு இருக்கட்டும், வழியில் நிழலே கிடையாது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் இந்த ஊரையும், வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது. எல்லாரும் முனைக்கு ஓடுகிறார்கள். நீங்கள் இடிந்த தேவாலயத்தில் இறங்குங்கள். சுவரை ஒட்டி நின்று கல்லைப் பாருங்கள். பூப்பூவாக, துளைதுளையாக இருக்கும். அது பவளக்கல். ஒரு காலத்தில் இந்தக் கரையில் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் கடலில் வெட்டி எடுத்தது அதைத்தான். அப்படி வெட்டியதற்கு நாம் கொடுத்த விலை என்ன தெரியுமா? இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகள் உண்டு. கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டித் தீவு இன்று நீருக்கு அடியில் கிடக்கிறது. அலையைத் தடுத்த பவளப் பாறையை வெட்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே எவராவது பவளக்கல்லை நினைவுப் பொருளாக நீட்டினால் கையால்கூடத் தொடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன்.

அரிச்சல்முனையில் இறங்கிக் குளிக்க வேண்டாம். இரண்டு கடலின் நீரோட்டமும் அங்கே மோதுகிறது. நீந்தத் தெரிந்தவர்களையும் இழுத்துவிடும்.

அந்தப் பவளம் உயிரோடு இருப்பதைப் பார்க்க ஆசையா? தென்கடல் அமைதியாக இருந்தால் இரண்டாம் நாள் பாம்பனை அடுத்த குந்துகாலுக்கு வாருங்கள். குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு அங்கிருந்துதான் புறப்படும். காற்று பலத்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். மற்றத் தீவுகளுக்கு அனுமதியில்லாமல் போகக் கூடாது. "நான் கூட்டிப்போகிறேன்" என்று எவர் அழைத்தாலும் மறுத்துவிடுங்கள். 1897 ஜனவரியில் விவேகானந்தர் கரையிறங்கிய இடமும் குந்துகால்தான், நினைவு மண்டபம் இருக்கிறது.

அங்கிருந்து கீழக்கரை. பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்த்தால் நம் கோயில் மண்டபத்தைச் செதுக்கிய அதே மரபின் உளி என்று புரியும். தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி கேட்டு உள்ளே செல்லுங்கள். திரும்பும்போது தொதல் என்ற இனிப்பை வாங்குங்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவது. எண்ணெய் மினுமினுப்போடு, சற்று இழுபட வேண்டும்.

கச்சான் காலத்தில் வந்தவர்கள் இரண்டாம் நாளை வடகடலுக்குக் கொடுங்கள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம் என்ற நவக்கிரகக் கற்களைக் கும்பிட்டுவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி போகும் வழியில் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகில் அழைத்துச் செல்கிறது, துடுப்புப் படகும் உண்டு. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கிவிடும். சத்தம் போடாமல் உட்காருங்கள். மதியம் அந்த ஊர்ப் பெண்கள் சமைக்கும் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். நண்டு கிடைத்த நாள் என்றால் அதையும் கேளுங்கள்.