டெல்டாவில் ஒரு இரண்டாம் வாய்ப்புக் காதல் படம்: கதையை எப்படி எழுதுவது?

வாழ்க்கையை இரண்டாவது தடவை தொடங்குகிறவர்களை வைத்து, சிரிக்கச் சிரிக்க ஒரு காதல் படம் எழுத ஆசையா? அதுவும் காவிரிக்கரையில் நடக்க வேண்டுமா? அப்படியென்றால் முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள். உங்கள் நாயகன் முதல் தடவை எதைச் செய்யாமல் விட்டான்? ‘வாழ்க்கை சரியில்லை, இப்போது சரியாகிறது’ என்பதெல்லாம் கதை ஆகாது. நிச்சயதார்த்தத்தில் பெரியவர்கள் நகைக் கணக்கில் முட்டிக்கொண்டபோது பேச வேண்டியவன் பேசாமல் நின்றான், அடுத்த மாதம் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிட்டான். இப்படி ஒரே ஒரு செயல் போதும். பதினைந்து வருடம் கழித்து அதே கூடத்தில், அதே ஆட்கள் முன்னால், அதே பேச்சு திரும்ப வரவேண்டும், இந்தத் தடவை அவன் வாயைத் திறக்க வேண்டும். பார்ப்பவர் நம்பப் போவது அந்தக் காட்சியைத்தான். லாட்டரி விழுவதோ கடவுள் இறங்கி வருவதோ இதற்கு ஈடாகாது.

டெல்டாவில் கதை வைப்பதில் ஒரு பெரிய வசதி, இங்கே பருவமே காட்சிகளைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. தண்ணீர் இருந்தால் குறுவை என்கிற குறுகிய கால நெல், இல்லையென்றால் அதை விட்டுவிட்டு ஆகஸ்ட் வாக்கில் நீண்ட கால நெல்லான சம்பாவில் இறங்குவார்கள். போன போகத்தில் விட்டதை இந்தப் போகத்தில் பிடிப்பது இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாத விஷயம். அப்புறம், தை மாதத்தில் நெல் அறுப்பதற்குப் பத்து நாள் முன்னாடியே, கதிர் நிற்கும்போதே, அந்த ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள் இல்லையா, நாற்பது வயதுக் காதலை அப்படி எழுதுங்கள்: பழையது முழுசாக முடியும்வரை காத்திருக்காமல், அதன் காலடியிலேயே முளைப்பதாக.

அந்த நிச்சயதார்த்தம் முறிந்த நாயகனும் நாயகியும் மறுபடி சந்திக்கும் இடம் காபிக் கடையோ கல்யாண வீடோ வேண்டாம். விவசாயிகளிடம் அரசு நெல் வாங்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறது, இதுவரை நம் படங்கள் அதைச் சரியாகப் பயன்படுத்தவே இல்லை என்பது என் கருத்து. அவள் அங்கே பட்டியல் எழுத்தர். கையில் ஈரப்பதமானி. வழக்கமான வரம்பு 17 சதவீதம், அதற்கு மேல் போனால் நெல்லைக் காய வைக்கத்தான் வேண்டும். ஊருக்குத் திரும்பி அப்பாவின் நிலத்தைப் பார்க்க வந்தவன் களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, தார்ப்பாயும் கையுமாக நாள்கணக்கில் காத்துக் கிடக்கிறான். நகரவும் முடியாது, வெட்கப்பட்டு ஓடவும் முடியாது.

“ஈரம் பத்தொன்பது இருக்குங்க. காயவச்சு எடுத்துட்டு வாங்க.”

“மேடம், நேத்து பதினேழரைன்னு சொன்னீங்க.”

“நேத்து ராத்திரி பனி பெஞ்சுதா இல்லையா? நெல்லுகிட்ட கேளுங்க.”

இதில் முக்கியம், ஈரம் உண்மையிலேயே பத்தொன்பதாக இருக்க வேண்டும். அவள் பழிவாங்கவில்லை, சலுகையும் காட்டவில்லை, வேலையைச் செய்கிறாள். ஆனால் வரிசையில் நிற்கும் விவசாயிகளில் பாதிப்பேர் அவள் பழியெடுக்கிறாள் என்கிறார்கள், மீதிப்பேர் இவன் அவளைப் பார்க்கத்தான் வேண்டுமென்றே நெல்லை நனைக்கிறான் என்கிறார்கள், மூட்டை தூக்கும் அண்ணன்மார்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாக்குவாதமே நடத்துகிறார்கள். சிரிப்பு இந்த ஊர் வாயிலிருந்து வரட்டும். விவாகரத்து ஆனவளையோ, மனைவியை இழந்தவனையோ கேலிப்பொருளாக்கி ஒரு வசனம்கூட எழுதாதீர்கள், தியேட்டரில் அதே நிலையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வலிக்கும்.

குத்தாலம் பக்கம் திருமணஞ்சேரியில் வேண்டிக்கொண்டவர்கள், அங்கே கொடுத்த மாலையைப் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் திரும்பக் கொண்டுபோய்ச் செலுத்துவார்கள். ஒருதடவை வேண்டி, கல்யாணமாகி, மாலையைச் செலுத்தி, அப்புறம் அந்தக் கல்யாணமும் முறிந்துபோன மகளை, அம்மா மறுபடியும் அதே கோயிலுக்குக் கிளப்புகிறாள் என்று வையுங்கள். “சாமிக்கு நம்ம முகம் ஞாபகம் இருக்கும்டி, வா” என்று அம்மா சொல்கிற இடத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வரும்.

ஆடிப்பெருக்குக் காட்சியை எல்லோரும் வைப்பார்கள். வைத்தால், படித்துறையில் பெண்கள் ஒருத்திக்கொருத்தி மஞ்சள் கயிறு கட்டிவிடும்போது உங்கள் நாயகிக்குக் கட்ட யார் முன்வருகிறார்கள் என்பதில் காட்சியை நிறுத்துங்கள். அவளுடைய பழைய மாமியாரே வந்து கட்டிவிட்டால் எனக்குப் பிடிக்கும்.

கடைசியில் ரயிலைத் துரத்தி ஓட வேண்டாம். நீடாமங்கலம் ரயில்வே கேட் போதும். இஞ்சின் முன்னும் பின்னும் போய்வரக் கேட் மூடியே கிடக்க, இந்தப் பக்கம் பைக்கில் அவன், அந்தப் பக்கம் பஸ்ஸில் அவள். நடுவில் இரு பக்கத்து ஊர் ஜனமும் கேட்டுக்கொண்டிருக்க, கூடத்தில் பேசியதற்கு அவளுடைய பதிலை அவன் அங்கேயே வாங்கட்டும்.

படப்பிடிப்பை இரண்டு தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரிவுக் காட்சியை மே மாதம் ஆறு மணலாகக் கிடக்கும்போதும், திரும்பச் சேர்வதைத் தண்ணீர் ஓடும்போதும் எடுங்கள். கடைமடைக்கு, அதாவது பாசனத்தின் கடைசிப் பகுதிக்கு, தண்ணீர் பிந்தித்தான் வரும், திருத்துறைப்பூண்டி பக்கம் எடுப்பதாக இருந்தால் தேதியைத் தள்ளி வையுங்கள். கொள்முதல் நிலையத்தை மட்டும் தை, மாசியில் நிஜக் கூட்டத்தோடு நேரில் பார்த்துவிட்டு, அறுவடை ஓய்ந்தபின் செட் போட்டு எடுங்கள். நெல்லோடு காத்திருப்பவருக்கு உங்கள் கேமரா ஒரு நாள்கூடத் தாமதம் செய்யக்கூடாது.