ஏற்றிய எடை அப்படியே நிற்க எவ்வளவு சாப்பிடலாம்?

ஒல்லிப் பையன்களுக்கு எடை ஏறும்வரை யோசனை சொல்ல ஊரே இருக்கிறது. ஏறிய பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. சிலர் அதே சாப்பாட்டைத் தொடர்ந்து தொப்பை போடுகிறார்கள். சிலர் பயந்துபோய் ராத்திரி இரண்டு சப்பாத்தியோடு நிறுத்தி, ஏற்றியதை எல்லாம் இழக்கிறார்கள். மதுரையில் ஜிம் பயிற்சியாளனாக இரண்டு வகையையும் நிறையப் பார்த்தாயிற்று.

எங்கள் ஜிம் தம்பி ஒருவனின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வயது 27, உயரம் 172 செ.மீ., 62 கிலோவிலிருந்து 68 ஆனான். இணையக் கலோரி கால்குலேட்டர்கள் பெரும்பாலும் 1990-இல் வந்த மிஃப்லின் சூத்திரத்தில் ஓடுபவை. சும்மா படுத்திருந்தாலும் உடம்பு ஒரு நாளில் செலவழிக்கும் கலோரியைக் கணிப்பது அது. ஆணுக்கு: எடையை 10-ஆலும் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழித்து, 5 சேர்க்க வேண்டும். பெண்ணுக்குக் கடைசியில் 5 சேர்ப்பதற்குப் பதில் 161 கழிக்க வேண்டும். தம்பிக்கு 1,625 வருகிறது. இதை உழைப்புக்கு ஏற்ப 1.375-ஆல் பெருக்கினால் 2,234, 1.55-ஆல் பெருக்கினால் 2,519. எதை எடுப்பது? நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்திருப்பவனும் ஜிம்முக்கு வருகிறோமே என்று தன்னைக் கடும் உழைப்பாளி என்றுதான் டிக் அடிக்கிறான்.

எடை ஏற்றும்போது எழுதிவைத்த நோட்டு இருந்தால் அதுதான் நம்பகமான கால்குலேட்டர். கடைசி நான்கு வாரத்தை மட்டும் பாருங்கள். ஆரம்பத்தில் ஏறியதில் தண்ணீர் அதிகம். தம்பி அந்த 28 நாளும் சராசரியாக 2,800 கலோரி சாப்பிட்டு ஒரு கிலோ ஏறியிருந்தான். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. அதை 28-ஆல் வகுத்தால் நாளுக்கு 275. 2,800-இல் அதைக் கழித்தால், எடை அப்படியே நிற்க 2,525. ஏறியதில் தசையும் நீரும் உண்டு, அவற்றில் கலோரி குறைவு. அதனால் 2,500 முதல் 2,600 வரை என்று வைத்துக்கொண்டோம்.

நோட்டு இல்லையா? இப்போது சாப்பிடுவதையே இரண்டு வாரம் மாற்றாமல் சாப்பிட்டு எழுதுங்கள். அரிசியை வேகாமல் நிறுப்பதா, சோறாக நிறுப்பதா என்று ஒன்றை முடிவு செய்யுங்கள்: 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி, 100 கிராம் சோறு 130. பலரும் கோட்டை விடுவது எண்ணெயில். தாளிக்கும் அம்மாவிடம் ஸ்பூனால் அளக்கச் சொன்னால் கரண்டிதான் பறந்து வரும். மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். நான்கு பேருக்கு மூன்று லிட்டர் என்றால், தலைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 23 கிராம், 200 கலோரிக்கு மேல். கணக்கில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து, குறைப்பது. எடை ஏற்றுவதற்கென்று சேர்த்ததைத்தான் எடுக்க வேண்டும். முட்டை, சுண்டல், மீனில் கை வைக்காதீர்கள். தம்பி ராத்திரி குடித்த ஒரு டம்ளர் முழுக்கொழுப்புப் பாலையும் (200 மி.லி., சுமார் 170 கலோரி) மாலையில் கொறித்த 20 கிராம் வேர்க்கடலையையும் (சுமார் 110) நிறுத்தினான். அவ்வளவுதான். உடம்பு பெரிதாகிவிட்டது, இனி பெரிதாகச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன சூத்திரப்படி, 1.55-ஆல் பெருக்கினாலும், ஏறிய ஆறு கிலோவுக்காக அவனுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 93 கலோரி, ஒன்றரை இட்லி.

காலையில் கழிவறை போய்வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் எடை பாருங்கள். வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். ஞாயிறு பிரியாணியும் கருவாடும் திங்கட்கிழமை முள்ளை ஏற்றிக் காட்டும். அது உப்பு பிடித்துவைத்த நீர். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டியும் இப்படி ஏறும், அதனால் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது. குறைத்த முதல் வாரத்தில் அரைக் கிலோ இறங்கினால் பதறி மறுபடி பால் காய்ச்ச வேண்டாம். வயிற்றில் கிடக்கும் உணவு குறைந்திருக்கும். தசையில் சேமித்த ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் (உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்து) சுமார் மூன்று கிராம் நீரும் போயிருக்கும்.

இரண்டாம் வாரச் சராசரியையும் நான்காம் வாரச் சராசரியையும் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் கால் கிலோவுக்குள் என்றால் உங்கள் எண் கிடைத்துவிட்டது. ஏறினால் 100–150 கலோரி குறையுங்கள். இறங்கினால் அதே அளவு கூட்டி மேலும் இரண்டு வாரம் பாருங்கள். தம்பிக்கு 67 முதல் 69 வரை என்று எல்லை போட்டிருக்கிறேன். 68-லேயே முள் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் தினமும் மெஷினோடு சண்டைதான்.

எண் கிடைத்தபின் நோட்டை மூடிவிடலாம், வாரம் இரண்டு முறை எடை பார்த்தால் போதும். வேலை மாறினாலோ ஜிம்முக்கு வருவது நின்றாலோ மறுபடி திறங்கள். தைராய்டு, சர்க்கரை உள்ளவர்களும், நோயில் இளைத்துத் தேறியவர்களும் இந்தக் கணக்கில் இறங்குமுன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.